பல்லிக்குத் தீனி வீட்டிலேயே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வளர்ப்புப் பல்லிகளுக்குக் கொடுக்கும் தீனிப் பூச்சி வளர்ப்பு பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக் காணொளி வாடை அடிக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் பூச்சிப் பெட்டியைச் சூடேற்றப் படாதபாடு படுகிறார்கள். மலேசியாவில் நமக்குச் சூடு தாராளம். கூடவே ஈரமும் தாராளம், அதில்தான் வம்பு.

கேள்வி: அண்ணே, செந்தூலில் பிளாட் வீடு. லெப்பர்ட் கெக்கோ என்கிற வளர்ப்புப் பல்லி ஒன்றே ஒன்றுதான். வாரா வாரம் சுவர்க்கோழி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நானே பெருக்கலாமா?

பெருக்கலாம் தம்பி, ஆனால் வேண்டாம் என்பேன். வளர்ந்த கெக்கோவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறேழு பூச்சி போதும். ஒரு பெண் சுவர்க்கோழியோ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். 30 டிகிரி சூட்டில் இரண்டு வாரத்துக்குள் பொரித்துவிடும், இரண்டு மாதம் போனால் அந்தக் குஞ்சுகளும் கச்சேரி ஆரம்பித்துவிடும். ஆண் பூச்சிகள் ராத்திரி முழுக்கப் பாடும். பிளாட் சுவர் எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியும். நாற்றம் வேறு. செத்த சுவர்க்கோழி நாலைந்து ஈரத்தில் கிடந்தால் கருவாட்டுக் கடை தோற்றுவிடும்.

முராய் என்கிற பாடும் பறவை வளர்ப்பவர்கள் செங்கரிக் (மலாயில் சுவர்க்கோழி) வாங்கும் பறவைக் கடையிலேயே நீங்களும் வாங்குங்கள். செலவைக் குறைக்க மீல்வோர்ம் என்கிற மாவுப்புழு வளர்க்கலாம். அது சத்தம் போடாது, வாடையும் அநேகமாக இருக்காது. மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் கோதுமைத் தவிடோ ஓட்ஸோ மூன்று விரல் உயரத்துக்குப் போட்டு, மேலே ஒரு துண்டு கேரட் வையுங்கள். மூடியில் துளை நிறைய வேண்டும். புழு கூட்டுப்புழுவானதும் பொறுக்கி வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். வண்டு வந்து முட்டையிட்ட இரண்டு வாரத்தில் வண்டுகளை மட்டும் சல்லடையில் பிரித்துவிடுங்கள். விட்டால் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். தவிடு லேசாக அசைகிற மாதிரி தெரிந்தால் குஞ்சு பொரித்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: சூப்பர்வோர்ம் என்கிற பெரிய வண்டுப்புழு வாங்கி நாலு மாதமாக வளர்க்கிறேன். எல்லாம் புழுவாகவே இருக்கின்றன. ஒன்றுகூட வண்டாகவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை, பாவம் அவர். சூப்பர்வோர்ம் கூட்டத்தில் இருக்கும்வரை கூட்டுப்புழுவாகாது. ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தால் உருமாற்றம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். தனியே அடைத்தால்தான் நடக்கும். மருந்துக் கடையில் ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா விற்பார்களே, அதில் அறைக்கு ஒன்றாகப் போட்டு இருட்டில் வையுங்கள். தீனி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் புழு கொக்கி போல வளைந்து அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கறுத்துப்போனால்தான் செத்தது. வளைந்தது தோலுரித்து வெள்ளைக் கூட்டுப்புழுவாகும், அப்புறம் இரண்டு வாரம் போல ஆனதும் வண்டு வரும். வந்த அன்று பால் வெள்ளை, மறுநாள் பழுப்பு, சில நாளில் நல்ல கறுப்பு. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஒன்று, சூப்பர்வோர்மைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், செத்துவிடும். மீல்வோர்ம் தாங்கும்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் இருக்கிறேன் சார். தீனிக்கு வளர்க்கும் டூபியா கரப்பானுக்கு ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வாங்கிப் போட்டேன். இப்போது பெட்டி முழுக்கப் பூஞ்சை, பொடிப்பொடியாக வெள்ளைச் செள்ளுப் பூச்சியும் ஓடுகிறது.

முதலில் ஹீட் மேட்டைக் கழற்றுங்கள். டூபியா குட்டி போட 28 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. பினாங்கில் ஏர்கோன் இல்லாத அறையில் பகலெல்லாம் அதற்குக் குறையாது, இரவில் கொஞ்சம் இறங்கினாலும் குற்றமில்லை. நீங்கள் செய்தது மூடிய பெட்டிக்குள் ஈரத்தை ஆவியாக்கி, அதையே மறுபடி மூடியிலிருந்து சொட்ட வைத்தது. காய்கறித் துண்டும் எச்சமும் அந்த ஈரத்தில் ஊறும்போது செள்ளுக்குக் கல்யாணச் சாப்பாடு.

மளிகைக் கடையில் 30 முட்டை அடுக்கும் அட்டை கேட்டு வாங்கி, படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். எச்சம் கீழே உதிர்ந்துவிடும். மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு சதுரம் வெட்டி, கம்பி வலையைச் சூடான பசையால் ஒட்டுங்கள். நைலான் வலை வேண்டாம், பூச்சி கடித்துவிடும். பழம், காய் எதுவானாலும் சாயங்காலம் வைத்துக் காலையில் எடுத்துவிட வேண்டும். டூபியா வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏறாது என்பது உண்மைதான். ஆனால் காய்ந்த எச்சக் கறை சுவரில் படிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும், ஆகவே அடிக்கடி துடையுங்கள். சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போடுங்கள். கரப்பான் எச்சத் தூசு இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

கேள்வி: இரண்டு பெட்டிச் சுவர்க்கோழி ஒரே ராத்திரியில் காலி. தீனி மாற்றவில்லை, தண்ணீரும் இருந்தது. என்ன நோய் அண்ணே?

நோயும் காரணமாக இருக்கலாம். வீட்டுச் சுவர்க்கோழியைக் கூண்டோடு கொல்லும் டென்சோ வைரஸ் ஒன்று உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணைகளையே காலி செய்தது. ஆனால் அது ஒரு ராத்திரியில் முடிக்காது. பூச்சிகள் சோர்ந்து, மல்லாந்து, நாள் கணக்கில் விழும். ஒரே ராத்திரியில் எல்லாம் போனால் நான் முதலில் கேட்பது, அன்றைக்குக் கொசுவர்த்தி கொளுத்தினீர்களா?

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆயர் ஈத்தாமில் குடியிருந்தபோது டெங்கிக்குப் புகை அடிக்க ஆள் வந்தார்கள். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் கெட்டிக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். குளியலறை மேலே இருந்த கண்ணாடிப் பட்டை திறந்தே கிடந்தது. காலையில் முட்டை அட்டையைத் தூக்கினேன், கால் மடங்கி மல்லாந்து குவியலாகக் கிடந்தன. கொசுவர்த்திச் சுருள், மின்சாரத்தில் செருகும் கொசு மருந்து, ஸ்ப்ரே, நாய்க்குத் தடவும் உண்ணி மருந்து எல்லாவற்றிலும் இருப்பது பூச்சியைக் கொல்லும் மருந்துதான். கொசுவுக்கு வேறு, நம் சுவர்க்கோழிக்கு வேறு என்று அது பார்க்காது. புகை அடிக்கும் அறிவிப்பு வந்தால் பெட்டியை நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். செத்த பூச்சியைப் பல்லிக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுச் சமையலறையில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

கேள்வி: எறும்பு!

பெட்டியை ஸ்டூலில் வைத்து, நாலு காலையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் நிறுத்துங்கள். ஸ்டூல் சுவரைத் தொடக் கூடாது.

கேள்வி: ஏழு மாத பியர்டட் டிராகன் பல்லி. நடக்கும்போது கால் நடுங்குகிறது, தாடை மெத்தென்று இருக்கிறது. தினமும் மீல்வோர்ம் வயிறாரச் சாப்பிடுகிறது.

தங்கச்சி, இதைப் படித்து முடித்ததும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எலும்பு மெலியும் நோயாக இருக்கலாம், வீட்டு வைத்தியத்துக்கு இது நேரமில்லை.

நம் தீனிப் பூச்சிகளில் பெரும்பாலானவற்றில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. கறுப்புப் படைவீரன் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு. ஆகவே பூச்சியைக் கால்சியம் பொடியில் குலுக்கிக் கொடுக்க வேண்டும். பியர்டட் டிராகனுக்கு யூவிபி என்கிற புற ஊதாக் கதிர் விளக்கும் கட்டாயம், கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. கொடுப்பதற்கு முந்தைய நாள் பூச்சிக்கே நல்ல தீனி போடுங்கள். கொல்லையில் முருங்கை மரம் இருந்தால் அதிர்ஷ்டம், அந்தக் கீரையில் கால்சியம் நிறைய. பரங்கிக்காய், கேரட்டும் போடலாம். பசலை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிவிடும். சந்தைக் கீரையை நன்றாக அலசுங்கள்.

கேள்வி: கோலா சிலாங்கூர் போகிறோம். அங்கே மின்மினி பிடித்துவந்து பல்லிக்குக் கொடுக்கலாமா என்று மகன் கேட்கிறான்.

கூடவே கூடாது. சில மின்மினி இனங்களின் உடம்பில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு, அமெரிக்க மின்மினியைத் தின்று பியர்டட் டிராகன் செத்திருக்கிறது. நம் ஊர் மின்மினியை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அதுவுமில்லாமல் அதைப் படகிலிருந்து பார்ப்பதே அழகு.

கேள்வி: புழு உயிரோடு உள்ளே போனால் பல்லியின் வயிற்றைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் என்கிறார் மாமியார்.

வராது. பல்லி மென்றுதான் விழுங்கும், மிச்சத்தை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். ஆனால் தின்னாமல் விட்ட சுவர்க்கோழி ராத்திரியில் தூங்கும் பல்லியின் விரலைக் கடிக்கும், அதனால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் கெக்கோ கத்துவது நல்ல சகுனமா என்றும் மாமியார் கேட்டிருக்கிறார். அந்தத் துறை என்னுடையதல்ல.

கேள்வி: தீபாவளிக்குத் தைப்பிங் போய் ஐந்து நாள் தங்குவோம். பூச்சிகள்?

மீல்வோர்முக்குக் கெட்டியான கேரட் இரண்டு துண்டு போதும். டூபியாவுக்கும் இந்த ஐந்து நாளுக்கு மட்டும் அதேதான், உலர் தீனி கொஞ்சம் கூடுதலாக. சுவர்க்கோழிதான் தண்ணீர் இல்லாமல் இரண்டு மூன்று நாளில் விழ ஆரம்பிக்கும். திறந்த கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் முங்கிச் சாகும், ஆகவே ஈரப் பஞ்சு வைத்துவிட்டு, இரண்டாம் நாள் வந்து நனைக்கப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவி கொடுங்கள். திறந்த பெட்டியை மூடச் சொல்லவும் மறக்காதீர்கள். முறுக்கு டின்னோடு திரும்பி வரும்போது கதவுக்கு வெளியிலேயே பாட்டுக் கேட்டால், யாரோ மூட மறந்துவிட்டார்கள்.