முதல்ல மீன், அப்புறம் யானை: வாசகிகள் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்க வீட்ல தையல் மெஷின் கிடையாது. ஜாக்கெட்டுக்கு கொக்கி வைப்பேன், ஹெம்மிங் பண்ணுவேன், அவ்ளோதான். பொண்ணுக்கு ரெண்டு வயசு, அவளுக்கு துணியில ஒரு யானை தச்சு குடுக்கணும்னு ரொம்ப ஆசை. கையாலயே முடியுமா?
– ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: தாராளமா முடியும்மா. சின்ன பொம்மைல வளைவு ஜாஸ்தி, அங்கல்லாம் மெஷினை விட கைதான் சொன்ன பேச்சு கேக்கும். ஜெர்மனில மார்கரெட் ஸ்டைஃப்னு ஒருத்தங்க, சின்ன வயசுலயே போலியோ வந்து நடக்க முடியாது, வலது கையும் சரியா வராது, அவங்க 1880ல குண்டூசி குத்தி வைக்கிறதுக்குன்னு ஃபெல்ட் துணில குட்டி குட்டி யானையா தச்சாங்க, புள்ளைங்க அதை விளையாட எடுத்துக்கிச்சுங்க, அதுலேருந்து வளந்ததுதான் இன்னிக்கும் இருக்குற அந்த ஸ்டைஃப் பொம்மை கம்பெனி. அதனால யானை மேல ஆசைப்பட்டது நல்ல ஆசைதான்.

ஆனா முதல் பொம்மை மீனா இருக்கட்டும். ரெண்டே துண்டு, காலு கிடையாது. ஒரு சாண் நீளத்துக்கு பேப்பர்ல மீன் வரைஞ்சு வெட்டிக்கோங்க, அதை விட சின்னதா போனா தச்சப்புறம் உள்பக்கத்தை வெளிய திருப்பவே கஷ்டம். காடா துணியோ பாவாடை துணியோ போதும், தெரு முனை டெய்லர் கிட்ட கேட்டா கட் பீஸ் ஒரு பை நிறைய தருவாங்க. முதல்ல அலசி காய வச்சுடுங்க, சாயம் போறதும் சுருங்கறதும் அப்பவே தெரிஞ்சிடும். நல்ல பக்கம் உள்ளாற வர்ற மாதிரி ரெண்டா மடிச்சு, மீனை வரைஞ்சு, வெட்டறதுக்கு முன்னாடியே கோட்டு மேல தச்சுடுங்க. புதுசா தைக்கிறவங்களுக்கு துணி நழுவாம இருக்க இதை விட நல்ல வழி எனக்கு தெரிஞ்சு இல்ல. சும்மா ஓட்டுத்தையல் போட்டா பஞ்சு அடைக்கும்போது பல்லை இளிச்சிடும், அதனால ஒவ்வொரு தடவையும் ஊசிய ஒரு தையல் பின்னால குத்தி முன்னால எடுங்க, இஞ்சுக்கு பத்து தையல் வரணும். வயித்துப் பக்கம் நேரா இருக்குற இடத்துல ரெண்டு இஞ்ச் தைக்காம திறந்து விடுங்க, அது வழியாதான் திருப்பி பஞ்சு அடைக்கணும், வளைவுல விட்டா மூடும்போது கோணிக்கும். அப்புறம் கால் இஞ்ச் விட்டு சுத்தி வெட்டிட்டு, வால் ஆரம்பிக்குற மூலை இருக்குல்ல, அங்க கத்திரி நுனியால நூல் வரைக்கும் ஒரு சின்ன வெட்டு, நூல்ல படக்கூடாது. அந்த வெட்டு இல்லன்னா திருப்பினதும் அந்த இடம் சுருக்கம் சுருக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும், எவ்ளோ பஞ்சு அடைச்சாலும் சரியாகாது.

கேள்வி: கொல்லைல இலவமரம் இருக்கு, காய் வெடிச்சு பஞ்சு பறக்குது. அதையே அடைக்கலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அடைக்கலாம், கொலு பொம்மைக்கு ரொம்ப நல்லா இருக்கும், லேசா இருக்கும், காசும் இல்ல. விதையெல்லாம் எடுத்துட்டு வெயில்ல போட்டு, ஃபேனை நிறுத்திட்டு, மூக்கை துணியால கட்டிக்கிட்டு அடைங்க. நெருக்கமா நெய்ஞ்ச துணிதான் வேணும், இல்லன்னா இழை வெளிய வந்துகிட்டே இருக்கும். சட்டுனு தீப்பிடிக்கும், கொலுவுல விளக்குக்கு பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க. வாயில வச்சு சப்புற குழந்தைக்குன்னா இலவம்பஞ்சு வேண்டாம், துவைச்சா கட்டி கட்டியா போயிடும், ஐப்பசி கார்த்திகைல நம்ம ஊர் அடைமழைக்கு காயவும் காயாது. மெத்தை கடைல ரெக்ரான் பஞ்சு, அதான் பாலியஸ்டர் பஞ்சு, கேளுங்க, அது துவைக்கலாம்.

எந்த பஞ்சா இருந்தாலும் உருண்டையா திணிக்காதீங்க. பிச்சு உதறி, கொஞ்சம் கொஞ்சமா, வால் நுனி மூஞ்சி நுனின்னு கடைசி மூலைலேருந்து பென்சிலோட மழுங்கின பக்கத்தால தள்ளிக்கிட்டே வாங்க. போதும்னு தோணுனதுக்கு அப்புறமும் ஒரு கைப்பிடி போகும். தச்சது கொஞ்சம் கோணலா இருந்தாலும் பஞ்சு நல்லா அடைச்சா பொம்மை அழகா நிக்கும், தையல் எவ்ளோ சுத்தமா இருந்தாலும் பஞ்சு தொளதொளன்னா துணி மூட்டைதான். திறந்து விட்ட இடத்தை மூடும்போது இந்தப் பக்க மடிப்புக்குள்ள ஒரு தையல், அந்தப் பக்க மடிப்புக்குள்ள ஒரு தையல்னு மாத்தி மாத்தி போட்டு இழுங்க, நூலே தெரியாது.

கேள்வி: கண்ணுக்கு சட்டை பட்டன் வைக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மூணு வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்மா, பிச்சு முழுங்கிடும். எவ்ளோ கெட்டியா தச்சாலும் நம்பாதீங்க. கருப்பு எம்ப்ராய்டரி நூல்ல கண்ணு போடுங்க, அதையும் ரெண்டு துண்டையும் சேக்குறதுக்கு முன்னாடியே போட்டுட்டா துணி தட்டையா இருக்கும், ரெண்டு கண்ணும் ஒரே உயரத்துல வரும்.

கேள்வி: யானை தச்சேன், நிக்கவே மாட்டேங்குது, தட்டையா படுத்துக்குது. தும்பிக்கையையும் திருப்ப முடியல.
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: ரெண்டு பக்கமும் மட்டும் வெட்டி சேத்திருப்பீங்க. மூணாவதா வயித்துக்கு அடில ஒரு துண்டு வேணும், அதுலயும் நாலு காலோட உள்பக்கம் வர்ற மாதிரி வெட்டி, நெஞ்சுலேருந்து பின்னங்கால் முடியற வரைக்கும் ரெண்டு பக்கத்தோடயும் சேக்கணும். அப்பதான் காலு நாலும் விரிஞ்சு நிக்கும். காலை முதல்ல அடைங்க, கட்டை மாதிரி இறுகணும், உடம்பு அப்புறம். தும்பிக்கை தச்சு முடிச்சப்புறம் உங்க சுண்டு விரல் உள்ள போற அகலம் இருக்கணும், அதுக்கு கம்மின்னா திரும்பாது. புள்ளைங்க தூக்கறது எப்பவும் தும்பிக்கைய பிடிச்சுதான், அதனால அங்க மட்டும் ரெண்டு சுத்து தச்சுடுங்க.