அழுது ஓய்ந்த பிள்ளைக்கு வலி போய்விட்டதா?

ஈசூனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "என் 8 மாத மகனுக்குச் சளி பிடித்திருந்தது. மூன்றாம் நாள் இரவு திடீரென வீறிட்டு அழுதான்; கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டான். சில நிமிடங்களில் அடங்கித் தூங்கினான். கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே அழுகை. இரண்டு முறை வாந்தி. ‘உரம் விழுந்திருக்கிறது, தூக்கும்போது பிசகிவிட்டது’ என்று மாமியார் எண்ணெய் தேய்த்தார். விடிவதற்குள் நின்றுவிட்டது. இனி இப்படி வந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?"

வேண்டாம் அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர வைத்தது அந்தக் ‘கால் மணி நேரம்’தான். வாயுவால் அழும் பிள்ளை, தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் விட்டு அடங்கும். ‘குடல் செருகல்’ என்ற கோளாறிலோ வலி கடிகாரம் வைத்தாற்போல் வந்து வந்து போகும். சட்டைக் கையை இழுக்கும்போது அது தனக்குள்ளேயே சுருண்டுகொள்வதுபோல, சிறுகுடலின் கடைப்பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்துவிடுகிறது. குடல் அசையும் போதெல்லாம் உள்ளே போன பகுதி இறுகும், பிள்ளை வீறிடும். அசைவு நின்றதும் வலி விடும், களைத்துத் தூங்கும். ‘எண்ணெய் கேட்டுவிட்டது’ என்று வீட்டார் நம்புவது இந்த இடைவெளியில்தான். அதற்குள் உள்ளே சிக்கிய குடலுக்கு இரத்த ஓட்டம் குறைந்துகொண்டிருக்கும்.

மாமியாரைக் குறை சொல்லவில்லை. என் அப்பத்தாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த வலிக்கு வயிற்றை அழுத்தித் தேய்ப்பதும், புடவையில் போட்டு உருட்டுவதும் கூடவே கூடாது.

3 மாதம் முதல் 3 வயது வரை இது அதிகம். சளி, வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலிலுள்ள நிணநீர்க் கட்டிகள் (கிருமிகளை எதிர்க்கும் சிறு முடிச்சுகள்) வீங்குவதால் செருகல் ஏற்படலாம். சில சமயம் தானாகவே விடுபடும். உங்கள் மகனுக்கும் அப்படி நடந்திருக்கலாம். இப்போது நன்றாக விளையாடினாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வாந்தி எடுத்தால், துடைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள். விட்டுவிட்டு வரும் அழுகை இல்லாமல், பால் மட்டும் வெள்ளையாகத் திரிந்து வந்தால் பதற வேண்டாம். பாண்டான் சாறு போலப் பச்சையாக இருந்தால் அது பித்தநீர். குடலில் அடைப்பு இருக்கக்கூடும். பிறந்து ஒரு மாதத்துக்குள் பச்சை வாந்தி வந்தால், குடலே முறுக்கிக்கொண்டிருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகிப்போம். அதில் சில மணி நேரத்திலேயே குடல் அழுகிவிடும்.

மலத்தில் சளியும் இரத்தமும் கலந்து சிவப்பு ஜெல்லிபோல் வருவதைப் பலரும் படித்திருப்பீர்கள். அது தாமதமாக வரும் அறிகுறி, அதற்காகக் காத்திருக்காதீர்கள். ‘மலம் போனானே, அடைப்பு எப்படி இருக்கும்?’ என்றும் கேட்பார்கள். அடைப்புக்குக் கீழே தேங்கியிருந்தது அப்படி வெளியேறும்.

அழுகை விட்டுவிட்டு வந்தாலோ வாந்தி பச்சையாக இருந்தாலோ பலதுறை மருந்தகம் திறக்கும்வரை பார்க்க வேண்டாம். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. பிள்ளை துவண்டு, வெளிறி, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். பால், தண்ணீர், ஓம வாட்டர் எதுவும் கொடுக்காதீர்கள். அழுகையைக் கைபேசியில் படம் பிடியுங்கள். அழுக்கான நாப்கினைப் பையில் கட்டி எடுத்து வாருங்கள். எங்கள் முன்னால் பிள்ளை பெரும்பாலும் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்; அந்தப் படமும் நாப்கினும்தான் எங்களுக்கு வழிகாட்டும்.

அங்கே முதலில் சலைன் ஏற்றுவார்கள். ஸ்கேனில் வட்டத்துக்குள் வட்டமாகச் செருகல் தெரியும். பிறகு ஆசனவாய் வழியே மெல்லிய குழாயைச் செருகிக் காற்றைச் செலுத்துவார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்தால், செருகிய பகுதி அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கிச் சட்டென விடுபடும். கத்தி படாமலேயே பெரும்பாலான பிள்ளைகள் இப்படிக் குணமாகிறார்கள். குடலில் ஓட்டை விழுந்திருந்தாலோ காற்றுக்கு அசையாவிட்டாலோதான் அறுவை சிகிச்சை. ஆபரேஷனுக்குப் பயந்து தாமதிக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ஆபரேஷன்வரை கொண்டுபோவது பெரும்பாலும் அந்தத் தாமதமே.

காற்றால் சரியான பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள், மீண்டும் வரும். வீட்டுக்கு வந்தபின் அதே அழுகை கேட்டால் உடனே திரும்பி வாருங்கள்.

இன்னொன்று: காரணம் தெரியாமல் அழும் எந்தக் குழந்தைக்கும் நாப்கினை அவிழ்த்துத் தொடை இடுக்கைப் பாருங்கள். அங்கே கெட்டியான, உள்ளே போகாத வீக்கம் இருந்தால் குடலிறக்கம் (ஹெர்னியா) சிக்கியிருக்கலாம். அதற்கும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.