பூ வாங்க விடியற்காலையில் போகலாமா?

கேள்வி: மகளின் பூப்புனித நீராட்டு விழா அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கிறது. மண்டப அலங்காரத்துக்குக் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. விடியற்காலையில் செட்டியார் தெருப் பக்கம் போய் நாங்களே பூ வாங்கினால் மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கட்டாயம் போங்கள். வெளிச்சம் வருமுன் போகிறவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் தெரிவுதான். விலையை நேரத்தைவிட நாட்காட்டியே அதிகம் தீர்மானிக்கிறது. அதனால் முதலில் அந்தச் சனிக்கிழமையை ஒட்டிப் போயா (பௌர்ணமி நாள்) வருகிறதா என்று பாருங்கள். போயா நாளில் கொழும்பின் விகாரைகளுக்கெல்லாம் தாமரையும் அல்லியும் போகும். விலை ஏறும், நல்ல மொட்டும் கிடைக்காது. வெள்ளிக்கிழமைகளிலும், நவராத்திரி, சிவராத்திரி, ஆடிவேல் நாட்களிலும் மல்லிகைக்கு அதே கதைதான். நாளை மாற்ற முடியாதென்றால் பூவை மாற்றுங்கள்.

மல்லிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏமாறுவது பெரும்பாலும் அதில்தான். மல்லிகை அந்தியில் மலர்கிற பூ. அன்று காலை பறித்த மொட்டு காலையில் மூடியே இருக்க வேண்டும். ஐந்து மணிக்கே விரிந்து கிடப்பது நேற்றைய பூ. கூடையின் மேலே உள்ளதை மட்டும் பார்க்காமல் நடுவில் கைவிட்டு நாலைந்து மொட்டுகளை எடுங்கள். விரலிடையில் உருட்டினால் கெட்டியாக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும். காம்பு பழுப்பேறியிருந்தாலோ, இதழ் நுனியில் தேயிலைச் சாயம் பட்டதுபோல் ஒரு நிறம் ஓடியிருந்தாலோ வேண்டாம். பச்சை படர்ந்த பிஞ்சு மொட்டும் வேண்டாம். அது மலராமலே வாடிவிடும். உங்கள் விழா காலையிலென்றால் அன்றைய மொட்டு தலையில் மொட்டாகவே இருக்கும், மணம் மாலையில்தான் வரும். காலையிலேயே விரிந்த பூவும் மணமும் வேண்டுமென்றால் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

மண்டபத்துக்கு ரோசா, கார்னேஷன், ஜெர்பரா என்று பலரும் ஆசைப்படுகிறார்கள். இவை நுவரெலியா, பண்டாரவளை, வெலிமடைக் குளிரில் வளர்பவை. கொழும்பு வெக்கையில், குளிரூட்டி இல்லாத மண்டபத்தில், மத்தியானத்துக்குள் தலை தொங்கிவிடும். ஓர்க்கிட்டும் அந்தூரியமும் நம் ஈரவலயத்திலேயே, கம்பஹா பக்கத்தில், ஏராளமாக வளர்கின்றன. இந்த வெயிலுக்குப் பழகியவை, பல நாள் நிற்பவை. தண்டு ஒன்றின் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் வீணாவது குறைவு என்பதால் கணக்குப் பார்த்தால் இவைதான் மலிவு என்பது என் உறுதியான கருத்து. வாங்கும்போது ஓர்க்கிட் கொத்தின் அடிப்பூவைப் பாருங்கள், முதலில் வாடுவது அதுதான். ரோசாவென்றால் இதழைப் பார்க்க வேண்டாம், அடிப்பாகத்தை மெல்ல அழுத்துங்கள், தளர்ந்திருந்தால் பழையது.

வீட்டில் வைக்கும் முறையும் பூவுக்குப் பூ வேறு. மல்லிகையை ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். தண்ணீரை அள்ளித் தெளித்துப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் அவிந்துவிடும். அந்தூரியத்தையும் ஓர்க்கிட்டையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது, குளிர் தாங்காமல் கறுத்துவிடும். விழா வீட்டில் வாழைப்பழக் குலை இருக்கும். பூவை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும்.

கேள்வி: மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போய்விட்டதே, பூ மாலைக்கும் அங்கேதான் போக வேண்டுமா?
– வாசகர், தெகிவளை

பதில்: வேண்டாம். 2020இல் இடம் மாறியது மரக்கறி, பழ மொத்த வியாபாரம். மாலை கட்டுகிறவர்கள் கோயில்களை அண்டியே இருக்கிறார்கள். உங்களுக்குக் காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கிச் செட்டியார் தெருவுக்கு நடப்பதே வசதி. மலர்வளையத்துக்குப் பொரளைக் கனத்தை மயானப் பக்கம் போங்கள்.

கேள்வி: ஒரே நாளில் இரண்டு இடத்தில் இரண்டு முழம் பூ வாங்கினேன். வீட்டில் அளந்தால் ஒன்று மற்றதைவிட நாலு விரற்கடை குறைவு. இது நியாயமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. விற்பவரின் கை குட்டையானால் முழமும் குட்டைதான்; அதில் மோசடி என்று சொல்ல முடியாது. நீளத்தைவிட நெருக்கத்தில்தான் அதிகம் இழக்கிறோம். சரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே நூல் வெறுமனே தெரிந்தால் பூ குறைவு. ஒரு சாண் நீளத்தில் எத்தனை முடிச்சு என்று எண்ணி இரண்டு கடைகளை ஒப்பிடுங்கள். உதிரிப்பூவை நிறுத்து வாங்கினால் உங்கள் நிலை பலமானது. அளவைகள் பற்றிய 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரத் தராசு பரிசோதித்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். ஈரம் சொட்டும் பூவை நிறுக்கவிடாதீர்கள், உதறிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி: தம்பியின் கலியாணத்துக்கு முற்பணம் கொடுத்து மணமாலை இரண்டு சொல்லியிருந்தோம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்புதான் வந்தது, அதுவும் இதழ்கள் பழுப்பேறி. கேட்டால், "பூவுக்கு யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்?" என்கிறார் கடைக்காரர். பற்றுச்சீட்டும் வாங்கவில்லை.
– வாசகர், மட்டக்குளி

பதில்: படிக்கும்போதே மனம் கசந்தது. முகூர்த்தம் திரும்பி வராது. கடைக்காரரின் வாதத்தை ஏற்காதீர்கள். கட்டிய மாலையில் பூ வாடுவது இயற்கை. வாடிய பூவில் மாலை கட்டிக் கொடுப்பது அவருடைய செயல். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சேவை வழங்குபவர் உரிய திறமையோடும் கவனத்தோடும் அதைச் செய்ய வேண்டும் என்கிறது. அதே சட்டப்படி நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும், இப்போதும் கேளுங்கள். முற்பணம் வங்கி மூலம் போயிருந்தால் அதன் பதிவு, தொலைபேசியில் பேசி முடித்த குறுஞ்செய்திகள், மாலை வந்த நேரத்தில் எடுத்த படம் எல்லாவற்றையும் சேருங்கள். கலியாணப் படக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள், மாலை மாற்றும் படத்தில் இதழின் நிறம் தெளிவாக இருக்கும். முதலில் கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் அதிகார சபைக்கு முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் விவரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில், சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். கலியாணம் எப்போது நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. தவணை நெருங்கியிருந்தால் கடையின் பதிலுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.