குற்ற நுண்ணறிவுப் பிரிவுக்குப் புதிதாகத் தலைமை ஏற்பவர் எங்கே தொடங்க வேண்டும்?

கேள்வி: பல வருடங்கள் கொலை, கொள்ளை வழக்குகளைப் புலனாய்வு செய்து வந்தவன் நான். இப்போது மாநிலக் காவல்துறையின் குற்ற நுண்ணறிவுப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். தகவல் குவிந்து கிடக்கிறது. ஆனால் எங்கள் அறிக்கைகளை மாவட்டங்களில் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை, அவர்களும் உருப்படியாக எதையும் அனுப்புவதில்லை. மேலிடமோ மாதாமாதம் "எத்தனை கைது?" என்று கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அறிக்கையை யாரும் படிக்கவில்லை என்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குங்கள். யாருக்காக எழுதுகிறோம் என்பது எழுதுகிறவருக்கே தெரியாதபோதுதான் பெரும்பாலும் அப்படி ஆகிறது.

புலனாய்வில் ஒரு சம்பவம் நடந்து முடிந்திருக்கும். யார் செய்தது, அதை நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது என்பதே உங்கள் கவலையாக இருந்திருக்கும். இந்த நாற்காலியில் நீங்கள் நேரடியாக எதையும் முடிப்பதில்லை. வேறொருவர் எடுக்கப்போகும் முடிவுக்கு உதவுகிறீர்கள். ரோந்தை எங்கே கூட்டுவது, எந்தக் கும்பலை முதலில் கவனிப்பது, யாருடைய பணப் போக்குவரத்தைத் தோண்டுவது என்று முடிவெடுக்கும் அந்த நாலைந்து பேரை முதல் மாதத்திலேயே நேரில் போய்ப் பாருங்கள். "உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?" என்று கேட்டால் "எல்லாமே வேண்டும்" என்பார்கள். அதற்குப் பதிலாக, "வரும் மூன்று மாதத்தில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகளில், போதிய விவரம் இல்லாமல் எடுக்கப்போவது எது?" என்று கேளுங்கள். "போதைப்பொருள் நிலவரம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். "தலைவன் சிறையில் இருக்கும்போது அந்தக் கும்பலின் வசூலை யார் பார்க்கிறார்கள்?" என்கிற அளவுக்குக் கேள்வி கூர்மையாகும் வரை பேசுங்கள். அப்படிப் பத்துக் கேள்விகள் கிடைத்தால் போதும். பிரிவின் ஆட்களும் நேரமும் அவற்றுக்கே முதலில் போகட்டும்.

இந்த அணுகுமுறை புதிதல்ல. 1990-களில் இங்கிலாந்தின் கென்ட் காவல்துறை, வீடு புகுந்து திருடுவதும் வாகனத் திருட்டும் பெருகியபோது, ஒவ்வொரு புகாருக்கும் ஓடுவதைக் குறைத்து, பெரும்பகுதித் திருட்டுகளைச் செய்துவந்த சிலரை அடையாளம் காணும் வேலைக்கு ஆட்களைத் திருப்பியது. பிரிட்டன் 2000-இல் தேசிய அளவில் ஒரு நுண்ணறிவு முறையை வகுத்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

சரி, குவிந்து கிடக்கும் தகவலுக்கு வருவோம். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் பிரிவின் மானம் போவதும் நிலைப்பதும் இங்கேதான். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்: "புறவழிச்சாலைக் கிடங்கில் வாரம் இரண்டு இரவு திருட்டுச் செம்புக் கம்பி இறங்குகிறது." இதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்ற இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். நம்பகமான ஆள் கேள்விப்பட்டதைச் சொல்லியிருக்கலாம். நம்ப முடியாத ஆள் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்த பழைய முறையில், ஆள் எவ்வளவு நம்பகமானவர் என்பதற்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து, தகவல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு 1 முதல் 6 வரை ஓர் எண். பிரிட்டிஷ் காவல்துறை இன்று வைத்திருக்கும் முறை இன்னும் எளிது: ஆளுக்கு மூன்று படி, தகவலுக்கு ஐந்து படி, யாரிடம் எந்த நிபந்தனையோடு பகிரலாம் என்பதற்கு இரண்டு குறி. எந்த முறையாக இருந்தாலும் சரி, தரக்குறி இல்லாத தாள் கணினிக்குள் ஏறக்கூடாது என்பதை முதல் நாளே விதியாக்குங்கள்.

அதே செம்புக் கம்பித் தகவல் மூன்று மாவட்டங்களிலிருந்து வந்தால் "மூன்று பக்கமும் உறுதியாகிவிட்டது" என்று துள்ளத் தோன்றும். அப்போதுதான் நிற்க வேண்டும். ஒரே தகவலாளி மூன்று அதிகாரிகளிடம் பேசியிருக்கலாம். ஒரு மாவட்டம் நம் பழைய அறிக்கையில் படித்ததையே புதுத் தகவலாகத் திருப்பி அனுப்பியிருக்கலாம். மூலம் ஒன்றா, மூன்றா என்று விசாரிக்காமல் ரெய்டுக்கு ஆள் அனுப்பி, கிடங்கு காலியாக இருந்தால், அதற்கப்புறம் உங்கள் அறிக்கையை அந்த மாவட்டம் திறந்துகூடப் பார்க்காது. மூலத்தின் அடையாளம் தெரிந்த யாராவது ஒருவர் பிரிவில் இருந்தால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். அந்தப் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். தகவலாளியின் பெயரும் தகவலும் ஒரே கோப்பில் இருக்கவே கூடாது. அது ஒரு மனிதரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மாவட்டங்கள் உருப்படியாக எதையும் அனுப்புவதில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டு பயம்: தங்கள் ஆள் வெளிப்பட்டுவிடுவான், தங்கள் கேஸை மேலே இருப்பவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சுற்றறிக்கையால் இந்தப் பயம் போகாது. அனுப்பியவரைக் கேட்காமல் மூன்றாம் நபருக்குத் தரமாட்டோம் என்று எழுத்தில் கொடுத்து, அதை ஒருமுறைகூட மீறாமல் இருங்கள். அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் போகட்டும்: "நீங்கள் சொன்ன வண்டி இன்னொரு மாவட்ட வழக்கிலும் வருகிறது, அந்த அதிகாரியின் எண் இது." இப்படி ஒரு பதில் கிடைத்த இன்ஸ்பெக்டர் அடுத்த முறை தானே கூப்பிடுவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: எதை வைத்திருக்கக் கூடாது என்பது. 2002-இல் அமெரிக்காவின் டென்வர் நகரக் காவல்துறை, குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத பலர் உள்பட மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிக் கோப்பு வைத்திருந்தது வெளியே வந்தது. 1947-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட, போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் அமைப்புகூட அதில் "குற்றத் தீவிரவாத" அமைப்பு என்று குறிக்கப்பட்டிருந்தது. அப்படி ஒரு கோப்பு வெளியானால் உண்மையான குற்றவாளியைப் பற்றிய தகவலையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதைவிட முக்கியம், நிரபராதி ஒருவரின் பெயர் வருடக்கணக்கில் சந்தேகத்தின் நிழலில் கிடப்பது அநியாயம்.

அமெரிக்காவில், மத்திய அரசின் நிதியில் இயங்கும், பல காவல் அமைப்புகள் பகிர்ந்துகொள்ளும் நுண்ணறிவுத் தொகுப்புகளுக்கு ஒரு விதி உண்டு. குற்றத்தில் தொடர்பு என்பதற்கு நியாயமான சந்தேகம் இருந்தால்தான் ஒருவர் பெயரை ஏற்றலாம். அரசியல், மதக் கருத்துகளைக் குற்றத்தோடு நேரடித் தொடர்பு இல்லாமல் சேகரிக்கக் கூடாது. மறுபரிசீலனை செய்து உறுதிப்படுத்தாத தகவல் ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பதிவும் வேண்டும். உங்கள் சட்டம் வேறு மாதிரி இருக்கலாம். இருந்தாலும் இந்த நான்கையும் பிரிவின் விதியாக எழுதி, சட்ட அலுவலரைப் பார்க்கச் சொல்லி, ஆண்டுதோறும் வெளியாள் ஒருவரை வைத்துத் தணிக்கை செய்யுங்கள். பழைய கோப்புகளை அழிப்பதற்கு உங்கள் ஆட்கள் தயங்குவார்கள், "நாளைக்குத் தேவைப்பட்டால்?" என்பார்கள். அங்கே தலைவர் உறுதியாக நிற்க வேண்டும்.

அறிக்கையின் மொழி பற்றி ஒரு வார்த்தை. "வாய்ப்பு இருக்கிறது" என்று எழுதினால் ஒருவர் இருபது சதவீதம் என்று புரிந்துகொள்வார், இன்னொருவர் எண்பது. இது கற்பனை இல்லை. 1951-இல் யுகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்குமா என்ற மதிப்பீட்டில் "கணிசமான சாத்தியம்" என்று எழுதிய அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வின் பகுப்பாய்வாளர் ஷெர்மன் கென்ட் மனதில் வைத்திருந்தது, நடக்கும் என்பதற்கு 65, நடக்காது என்பதற்கு 35. அதே மதிப்பீட்டில் கையெழுத்திட்ட சகாக்களை அவர் விசாரித்தபோது, 20 சதவீதம் முதல் 80 சதவீதம் வரை விதவிதமாகச் சொன்னார்கள். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சதவீத எல்லையை வகுத்து அறிக்கையின் அடியில் அச்சிடுங்கள். பிரிட்டனில் "நடக்கக்கூடும்" என்ற நிலைக்கு 55 முதல் 75 சதவீதம் வரை என்று வைத்திருக்கிறார்கள்.

ஆள் எடுப்பதில் ஒரே ஆலோசனை. சீருடை அணியாத பகுப்பாய்வாளர்களை உதவியாளர்களாக நடத்தாதீர்கள். அவர்களே கூட்டத்தில் நின்று தங்கள் முடிவைச் சொல்லட்டும், பெரிய அதிகாரியை மறுத்துப் பேசவும் அனுமதி இருக்கட்டும்.

கடைசியாக, கைது எண்ணிக்கை. மேலிடத்தோடு சண்டை போடாதீர்கள், வேறு ஒரு கணக்கைக் கையில் கொடுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு வரி எழுதும் பதிவேடு வையுங்கள்: யாருக்குப் போனது, முப்பது நாளுக்குள் அவர் என்ன செய்தார். ரோந்து மாற்றியிருக்கலாம், திருட்டுப் பொருள் வாங்கும் கடையின் உரிமத்தை ரத்து செய்ய எழுதியிருக்கலாம், கைதும் செய்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை என்றால் போன் போட்டு ஏன் என்று கேளுங்கள். "ஏற்கெனவே தெரியும்" என்றால் உங்கள் கேள்விப் பட்டியல் பழையதாகிவிட்டது. "என்னால் செய்யக்கூடிய காரியமில்லை" என்றால் தவறான ஆளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். "தாமதமாக வந்தது" என்ற பதில் அடிக்கடி வந்தால், அவசர அறிக்கைக்கு ஒரே ஒரு ஒப்புதல் போதும் என்று அன்றைக்கே உத்தரவு போடுங்கள்.