மாதிரி ரயில் சரக்குப் பெட்டிகளுக்கு வர்ணமும் எழுத்தும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சரக்குப் பெட்டிகளைப் பற்றியவை. எஞ்சினையும் பயணிகள் பெட்டியையும் கடையில் வாங்கியபடியே ஓட்டுகின்றவர்கள்கூட, சரக்குப் பெட்டி என்று வந்துவிட்டால் தாமே வர்ணம் பூசி, டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட எழுத்துப் படலம்) ஒட்டிப் பார்க்க விரும்புகிறார்கள். அதன் விலை குறைவு, வடிவம் எளிது, வேலை பிழைத்தாலும் நட்டம் சிறிது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: ஐயா, எச்.ஓ. (1:87) அளவிலான மூடிய சரக்குப் பெட்டி ஒன்றுக்குக் காவி நிற மட் (பளபளப்பற்ற) பெயின்ட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, டெக்கல் ஒட்டினேன். ஈரமாக இருந்தபோது எழுத்துகள் பெட்டியிலேயே எழுதியவை போலத் தெரிந்தன. காய்ந்த பிறகு ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் வெள்ளி நிறத்தில் ஒரு மெல்லிய படலம் தெரிகிறது. டெக்கல் தாள் தரம் குறைந்ததா? – வாசகி ஒருவர், நானுஓயா

பதில்: தாளின் மீது பழி போட வேண்டாம். குறை அதற்கு அடியிலுள்ள வர்ணத்தில் இருக்கிறது. டெக்கல் என்பது அடித்தாள், அதன்மேல் நீரில் கரையும் பசை, அதன்மேல் நிறமற்ற மெல்லிய படலம், அந்தப் படலத்தின்மேல் அச்சிட்ட மை என்ற அடுக்குகளால் ஆனது. மட் பெயின்ட் ஒளியைச் சிதறடிப்பதால்தான் மங்கலாகத் தெரிகிறது. ஒளி சிதறுவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பு நுண்ணிய மேடு பள்ளங்களால் நிறைந்திருப்பதே. டெக்கல் படலம் மேடுகளின்மீது மட்டும் ஒட்டிக்கொள்ள, பள்ளங்களில் காற்று சிறைப்படுகிறது. நீங்கள் காணும் வெள்ளிப் பூச்சு, அந்தக் காற்றில் பட்டுத் திரும்பும் ஒளியே அன்றி வேறில்லை. ஈரமாக இருந்தபோது அது தெரியாமல் போனதற்கும் இதுவே விளக்கம்: அப்போது பள்ளங்களில் காற்றுக்குப் பதிலாக நீர் நிறைந்திருந்தது.

எனவே டெக்கல் ஒட்டுவதற்கு முன்னர், மட் பெயின்டின்மேல் பளபளப்பு வார்னிஷை மெல்லிய பூச்சாக இரண்டு தடவை அடித்து, உங்கள் ஊர்க் குளிருக்கு இரண்டு நாளாவது காயவிடுங்கள். தொடக்கத்திலேயே பளபளப்பான வர்ணத்தை அடித்துவிட்டால் இந்த வேலையே மிச்சம். முழுப் பெட்டியும் பொம்மை போல மின்னுகிறதே என்று தயங்க வேண்டியதில்லை. எழுத்தெல்லாம் ஒட்டி முடித்த பின்னர் ஒரே சீராக அடிக்கும் மட் வார்னிஷ் அந்த மினுக்கத்தையும், டெக்கலின் ஓரக் கோடுகளையும் சேர்த்தே மறைத்துவிடும்.

ஒட்டும் முறையிலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அச்சிட்ட பகுதிக்கு மிக நெருக்கமாகக் கூரிய கத்தியால் வெட்டுங்கள். வெற்றுப் படலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வெட்டிய துண்டைப் பத்துப் பதினைந்து விநாடிகள் மட்டும் நீரில் அமிழ்த்தி எடுத்து, ஈரத் துணிமேல் ஒரு நிமிடம் வைத்திருந்தால் பசை தானாக இளகும். எழுத்து தாளை விட்டு மிதக்கும்வரை நீரிலேயே விட்டுவிட்டால் பசை முழுவதும் கரைந்து போய்விடும். பெட்டியில் ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் போன்ற, டெக்கல் ஒட்ட உதவும் திரவத்தை முதலில் தடவி, துண்டை அதன்மேல் நழுவவிட்டு, இடம் சரிபார்த்து, ஓரத்தில் கசியும் ஈரத்தைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். பின்னர் மைக்ரோ சோல் போன்ற மென்மையாக்கும் திரவத்தைத் தூரிகையால் பூசினால், படலம் இளகி, ஆணித் தலைகளின்மீதும் பலகை இடுக்குகளுக்குள்ளும் படிந்து அமரும். அந்தச் சில நிமிடங்களில் டெக்கல் சுருங்கி மடிந்து பயமுறுத்தும். அப்போது விரலோ தூரிகையோ அதில் படவே கூடாது. காயும்போது அது தானாகவே நேராகிவிடும்.

இப்போது வெள்ளி படிந்திருக்கும் பெட்டியையும் காப்பாற்ற வழியுண்டு. படலம் தெரியும் இடங்களில் ஊசி நுனியால் மெதுவாகப் பல துளைகள் குத்தி, மென்மையாக்கும் திரவத்தை அவற்றின்மேல் பூசுங்கள். காய்ந்த பின்னரும் மிச்சம் தெரிந்தால் திரும்பச் செய்யுங்கள். இறுதியில், சுற்றிலும் படிந்திருக்கும் பசையை ஈரப் பஞ்சால் துடைக்க மறந்துவிட்டால், வார்னிஷுக்கு அடியில் அது கறையாக நிரந்தரமாகத் தங்கிவிடும்.

கேள்வி: வாகனங்களுக்கு அடிக்கும் பளபளப்பு லாக்கர் ஸ்பிரேயைச் சரக்குப் பெட்டிக்கு அடித்தேன். சில நிமிடங்களில் பெட்டி முழுவதும் பால் கொட்டியது போல வெளுத்துவிட்டது. அன்று மழை பெய்யவில்லை, மூட்டம் மட்டுமே இருந்தது. ஏன் இப்படி ஆனது? – வாசகர், கொட்டகலை

பதில்: மழை வேண்டியதில்லை, மூட்டமே போதும். லாக்கரிலுள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது வெப்பத்தையும் கூடவே கொண்டுசெல்வதால், வர்ணம் பூசிய பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. ஈரப்பதன் நிறைந்த காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் படும்போது நுண்ணிய நீர்த்துளிகள் படிகின்றன. அவை காய்ந்துகொண்டிருக்கும் லாக்கருக்குள் அகப்பட்டு, அதை வெண்மையாக்குகின்றன. ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டிய நாட்களில் லாக்கர் டின்னைத் திறக்காமல் இருப்பதே நல்லது. சிறிய ஈரமானி ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டால், வானத்தைப் பார்த்து ஊகிக்கும் தொல்லை இல்லை.

வெளுத்த பெட்டியை வீசிவிட வேண்டாம். நல்ல வெயிலடிக்கும் நாளில், அதே லாக்கரை மிக மெல்லிய பூச்சாக மீண்டும் அடித்தால், புதிய தின்னர் பழைய பூச்சைக் கரைத்து, உள்ளே அகப்பட்ட ஈரத்தை வெளியேற விடும். பெரும்பாலும் வெண்மை நீங்கிவிடும். அடியிலே பிளாஸ்டிக் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். லாக்கர் தின்னர் பொலிஸ்டைரீனைக் கரைக்கக்கூடியது. கனமாக அடித்தால் ஆணித் தலைகள் உருகி மழுங்கிவிடும்.

மலையகத்தில் இந்த வேலைக்கு உகந்த காலம் எல்லா ஊர்களுக்கும் ஒன்றல்ல. ஹட்டன், கொட்டகலை, நுவரெலியாப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஓயாத ஈரத்தைக் கொண்டுவருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே அங்கு வறண்டது. மலைத்தொடரின் மறுபக்கமுள்ள பண்டாரவளை, பதுளை வாசகர்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வறண்ட காற்று வீசும்; அவர்களை நனைப்பது ஆண்டிறுதியில் வரும் வடகீழ்ப் பருவக்காற்று. எந்தப் பக்கத்தில் இருந்தாலும், மூட்டம் கலைந்த பின்னர் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் அடியுங்கள். ஸ்பிரே டின் குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தெடுக்கலாம்; அடுப்புக்கு அருகில் ஒருபோதும் கொண்டுசெல்லக் கூடாது. தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், விறகடுப்பு எரியும் காம்பராவுக்குள் ஸ்பிரே அடிப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். கொம்பிரசர் காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் நீராகப் பிரிந்து குழாய்க்குள் சேரும். ஈரம் பிடிக்கும் கிண்ணம் ஒன்றைக் குழாயில் பொருத்தாவிட்டால், வர்ணத்தின் நடுவே நீர்த்துளி வந்து விழும். அக்ரிலிக் வர்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்த்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடிப்பது பொதுவாகப் பொருந்தும்.

கேள்வி: பெட்டியிலுள்ள பழைய வர்ணத்தை பிரேக் ஒயிலில் ஊறவைத்து அகற்றலாம் என்கிறார்களே? – வாசகர், நாவலப்பிட்டி

பதில்: அகற்றலாம், ஆனால் அது தோலுக்கும் கண்ணுக்கும் கேடு, சில வகைப் பிளாஸ்டிக்கை உடையும் தன்மைக்கும் கொண்டுவந்துவிடும். ஐசோபுரோபைல் அல்கஹோலில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். தொழிற்சாலையில் அடித்த வர்ணங்களில் பல அதற்கே இளகிவிடும். எதில் ஊறவைத்தாலும் மிச்சத்தை ஓடையில் கொட்டாதீர்கள். நம் ஓடைகளின் நீரைக் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள்.

கேள்வி: டொரொண்டோவிலுள்ள மாமா எழுத்தில்லாத 40 அடிப் பெட்டி மாதிரிகள் இரண்டையும், கனேடியன் நேஷனல் (சிஎன்) ரயில்வேயின் டெக்கல் தாள் ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். தாளில் மிகச் சிறிய குறிகள் ஏராளம் உள்ளன. அனைத்தையும் ஒட்ட வேண்டுமா? – பாடசாலை மாணவன், தலவாக்கலை

பதில்: அனைத்தையும் ஒட்டக் கூடாது, தம்பி. ஒரு டெக்கல் தாளில் பல காலங்களுக்குரிய குறிகள் கலந்திருக்கும். உங்கள் ரயில் எந்த ஆண்டில் ஓடுகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1954இல் கொழும்புத் திட்டத்தின் உதவியாகக் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்2 எஞ்சின்களை, அவற்றுள் சில கனேடிய மாகாணங்களின் பெயர் தாங்கியவை, நீங்கள் பாதையில் பார்த்திருப்பீர்கள். அந்த எஞ்சின்கள் இங்கு வந்த காலத்துக் கனேடியச் சரக்குப் பெட்டி ஒன்றைச் செய்ய விரும்பினால், சி, என் இரண்டும் ஒரே கோடாக வளைந்து இணையும் சின்னத்தை அதில் ஒட்ட முடியாது. அந்தச் சின்னம் 1960இல்தான் அறிமுகமானது. அதற்கு முந்திய பெட்டிகளில் மேப்பிள் இலைச் சின்னம் இருந்தது.

சிறிய குறிகளுக்கும் இதே விதிதான். பல நிறக் கோடுகள் கொண்ட பட்டை, பெட்டியின் எண்ணை ஒளிக்கருவி வாசிப்பதற்காக வட அமெரிக்க ரயில்வேக்கள் 1967 முதல் ஒட்டி, 1970களின் இறுதியில் கைவிட்டது. கறுப்புச் சதுரத்தில் மஞ்சள் அல்லது வெள்ளைப் பொட்டு இருந்தால் அது 1978இல் நடந்த சக்கரப் பரிசோதனைக்குரியது. இவற்றை 1955ஆம் ஆண்டுப் பெட்டியில் ஒட்டினால், விடயம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தக் காலத்துப் பெட்டியில் தவறாமல் இருக்க வேண்டியவை, உரிமையாளரின் சுருக்க எழுத்தும் எண்ணும், அவற்றுக்குக் கீழே வரும் கொள்ளளவு, சுமை எல்லை, வெற்று எடை ஆகிய மூன்று வரிகளும் ஆகும். இவை பெட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் இடது பகுதியில் வரும். சுருக்க எழுத்தும் எண்ணும் பெட்டியின் முன் பின் முகப்புகளிலும் வரும். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே எண்ணை ஒட்டிவிடாதீர்கள். கடைசி இலக்கத்தை மட்டும் வெட்டி மாற்றினால் போதும். 1:87 அளவில், உண்மையில் ஓர் அங்குலம் உயரமான எழுத்து 0.3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. அதை வாசிக்க இயலாது என்றாலும், அது இல்லாத பெட்டி வெறுமையாகத் தெரியும் என்பது என் கருத்து.

கேள்வி: பழைய டெக்கல் தாளை நீரில் போட்டதும் எழுத்து துண்டு துண்டாக உடைகிறது. – வாசகி, பதுளை

பதில்: படலம் முதுமையால் வெடித்திருக்கிறது. மிகுதித் தாளின்மேல் நிறமற்ற அக்ரிலிக் ஸ்பிரேயையோ, மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் திரவப் படலத்தையோ மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால் புதிய படலம் உருவாகும். அதன்பின் ஒவ்வொரு துண்டையும் ஓரம் நெருக்கி வெட்டியே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக ராகலை வரை ஓடிய பழைய சிறு பாதை ரயிலின் சரக்குப் பெட்டியைச் செய்ய ஆசை. வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை எழுத்து வரவில்லையே, என்ன செய்வது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்

பதில்: அருமையான தெரிவு. அந்தப் பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். இதை 87ஆல் வகுத்தால் 8.76 வருகிறது, கடையில் கிடைக்கும் ‘என்’ (N) அளவுத் தண்டவாளத்தின் 9 மில்லிமீட்டருக்கு அது மிக நெருக்கம். ஆகவே ‘என்’ அளவுச் சக்கரங்களின்மேல் எச்.ஓ. அளவில் பெட்டியைக் கட்டினால் விகிதம் சரியாகவே இருக்கும். நம்முடைய அகலப் பாதைக்கு இந்த வசதி இல்லை. அதன் 1676 மில்லிமீட்டருக்கு எச்.ஓ. அளவில் 19.3 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5.

வெள்ளை எழுத்துக்கு வருவோம். சாதாரண அச்சுப்பொறிகள் தாளின் வெண்மையையே வெள்ளையாகக் கொள்கின்றன. நிறமற்ற படலத்தில் அந்த இடம் வெறுமையாகவே நிற்கும். வெள்ளை டெக்கல் தாளில், எழுத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பெட்டியின் நிறத்தில் அச்சிடுவது ஒரு வழி. அச்சு நிறத்தையும் வர்ணத்தையும் பொருத்துவது பெரும்பாடு என்பதால், முதலில் அச்சிட்டு, அதற்கேற்ப வர்ணத்தைக் கலந்து கொள்ளுங்கள். துண்டின் ஓரம் பலகை இடுக்கில் முடியுமாறு வெட்டினால் இணைப்பு தெரியாது. இங்க்ஜெட் மை நீரில் கலையும், ஆகவே நீரில் போடுமுன் நிறமற்ற ஸ்பிரேயால் மூடிவிட வேண்டும். வெள்ளை டோனரில் அச்சிடும் லேசர் இயந்திரங்களும் உண்டு. ஆனால் ஒரு பெட்டிக்காக அவற்றைத் தேடி அலைவது தேவையற்றது.

நான் பரிந்துரைப்பது இதைவிட எளியது. உங்களுக்கு வேண்டியவை ஒருசில எழுத்துகளும் இலக்கங்களும்தான். வெள்ளை எழுத்துகளும் இலக்கங்களும் மட்டும் அச்சிட்ட டெக்கல் தாள்கள் விற்பனைக்கு உண்டு. பழைய படம் ஒன்றைப் பார்த்து, அதற்கு மிக நெருங்கிய எழுத்துருவைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். எழுத்துகள் ஏறி இறங்காமல் இருக்க, பெட்டியில் மெல்லிய மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டி, அதன் விளிம்பில் எழுத்தின் அடியைப் பொருத்தலாம். நடு எழுத்தை முதலில் ஒட்டி, அதிலிருந்து இருபுறமும் நகர்ந்தால் இடைவெளி பிழைக்காது. டேப்பை எடுத்த பிறகே மென்மையாக்கும் திரவத்தைப் பூச வேண்டும்.

மட் வார்னிஷ் காய்ந்த பின்னர், துருவும் புகைக்கரியும் காட்டுவதற்கு, மெழுகு கலவாத சோக்கு வர்ணக் கட்டிகளைப் பொடியாக்கி, மென்தூரிகையால் சக்கரச் சட்டத்திலும் கூரையிலும் தேயுங்கள். அதைப் பாதுகாக்க இன்னொரு மட் பூச்சு அடிப்பதானால், பொடியின் நிறம் பாதியாகக் குறைந்துவிடும். அதைக் கணக்கில் எடுத்து, முதலிலேயே சற்று அதிகமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.