சுவரில் ஈரம், நெஞ்சில் இழுப்பு: மழைக்காலக் கேள்வி-பதில்

அக்டோபர் பிறந்தால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மாலை தவறாமல் இடியும் மழையும்தான். இம்முறை வந்த கேள்விகளில் பாதி, ஈர வீட்டைப் பற்றியவை.

கே: படுக்கையறைச் சுவரில் கறுப்புப் புள்ளிகள். குளோரோக்ஸ் (வெளுப்பு நீர்) போட்டுத் துடைத்து இரண்டு தடவை சாயமும் அடித்தாகிவிட்டது. மூன்றே மாதத்தில் மறுபடி வருகிறது. (மலிவு விலை வீட்டுவாசி)

ஈரச் சுவரில் சாயம் அடிப்பது பூஞ்சணத்தின் மேல் போர்வை போர்த்துவது மாதிரி. முதலில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். ஒரு சாண் அகல அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள், உள்ளே துணி காயப்போடாதீர்கள், சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள்.

தாளின் உட்பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தரையிலிருந்து இடுப்பளவு வரை கறை, அதன் மேல் விளிம்பில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா? மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. பழைய லயன் வீடுகளின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) செங்கல் சுவருக்கடியில் ஈரத்தடுப்புப் படலம் பெரும்பாலும் இருக்காது. போதாக்குறைக்கு, பின்னால் சிமெண்டு போடும்போது வெளித்தரையை வீட்டுத்தரைக்கு மேலே உயர்த்திவிடுகிறோம். அதை வெட்டித் தாழ்த்துவதும், லொங்காங்கை (வடிகாலை)த் தோண்டி நீரை ஓடவிடுவதும் எந்தச் சாயத்தையும்விட நல்ல பலன் தரும். கறை மேலிருந்து இறங்கினால் தகரக் கூரையின் ஆணிகளைப் பாருங்கள். ஆணித்தலைக்கடியில் உள்ள ரப்பர் வளையம் வெயிலில் வெடித்துப்போயிருக்கும். மாற்ற ஆகும் செலவு சில ரிங்கிட்தான்.

வழியை அடைத்த பிறகே துடைப்பு. என்95 முகக்கவசம் போட்டு, சவர்க்கார நீரால் நனைத்துத் தேயுங்கள். காய்ந்த நிலையில் துடைப்பத்தால் தட்டினால் பூஞ்சண வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். குளோரோக்ஸைக் கழிவறை கழுவும் அமிலத்தோடு கலக்கவே கூடாது, மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். ஊறிப்போன சீலிங் பலகையையும் மெத்தையையும் காப்பாற்ற முடியாது, தூக்கிப் போடுங்கள். நனைந்த மற்ற பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது.

கே: ஆறு வயது மகனுக்கு இரவில் இழுப்பு. ஈர வாடை போக மாமியார் தினமும் சாம்பிராணி போடுகிறார். இன்ஹேலர் பழகிவிடும் என்றும் சொல்கிறார்.

சாம்பிராணி வாடையைத்தான் மறைக்கும், ஈரத்தைப் போக்காது. அந்தப் புகையும் கொசுவர்த்திப் புகையும் சுருங்கிய மூச்சுக்குழாயை இன்னும் சுருக்கும். ஈர வீடு ஆஸ்துமாவைக் கிளறும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. மாமியாரிடம் சண்டை வேண்டாம். சாமி மேடைக்கு வெளியே, வாசலில் காட்டச் சொல்லுங்கள், போதும்.

இன்ஹேலர் பழகாது. ஆனால் நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலர், இழுப்பு வந்தபோது தணிக்க மட்டும். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் அது தேவைப்பட்டால் வராமல் தடுக்கும் இன்ஹேலர் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரை மாட்டி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய்) இல்லாமல் அடித்தால் மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். குலுக்கி, ஒரு தடவை அழுத்தி, ஐந்தாறு மூச்சு இழுக்கவிட்டு, பிறகுதான் அடுத்தது. ஸ்பேசரைச் சவர்க்கார நீரில் கழுவியபின் துணியால் துடைக்காதீர்கள். நிலைமின்சாரம் ஏறி மருந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆபத்துக்கு, 500 மில்லி பிளாஸ்டிக் போத்தலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும் ஓட்டை போட்டு, கழுத்துப் பக்கம் வாய்வைத்து மூச்சிழுக்கலாம்.

விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனை. போகும் வழியிலும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

கே: வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வடிந்து பத்து நாளில் கணவருக்குக் காய்ச்சல். டெங்கியா?

டெங்கியாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எலிச் சிறுநீர் கலந்த நீர் காலில் உள்ள கீறல் வழியே போனால் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். கெண்டைக்காலைத் தொட்டாலே வலி, பீளையில்லாமல் சிவந்த கண் இரண்டும் அதற்கான குறிப்பு. செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. கிளினிக்கில் “வெள்ளத்தில் இறங்கினேன்” என்று நீங்களே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் காய்ச்சல் மருந்தோடு அனுப்பிவிடக்கூடும். அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான், காத்திருக்காதீர்கள்.

அதுவரை பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் புரூஃபனும் (இபுபுரூஃபன்) தொடாதீர்கள், டெங்கியானால் இரத்தக்கசிவு கூடும். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு கண்டால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

கே: சேற்றுப்புண் ஆறவே மாட்டேன் என்கிறது.

விரலிடுக்கைத் துடைத்துக் காயவைத்து குளோட்ரிமசோல் களிம்பு, அரிப்பு நின்றபிறகும் இரண்டு வாரம். பூட்ஸை ஒருநாள்விட்டு ஒருநாள் மாற்றுங்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் களிம்போடு நிற்காமல் காலைக் காட்டிவிட வேண்டும்.

கே: தோட்டத்து வீடு ஒழுகுகிறது. யார் பழுதுபார்க்க வேண்டும்?

முதலாளி கொடுத்த குடியிருப்பென்றால் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் பொருந்தும், பராமரிப்பு அவர் பொறுப்பு. கறையைத் தேதியோடு படமெடுத்து, எழுத்துப்பூர்வமாக நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.