பனி தேடிப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

குளிர்காலத்தில் செல்லத்தக்க இடங்கள் குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலவும் ‘எந்த நாடு அழகு?’ என்ற கேள்வியையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், எதைப் பார்க்க ஆசைப்படுகிறோம் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். பொழிகிற பனி, உறைந்த நீர், நெடிய இரவு ஆகிய மூன்றுமே குளிர்காலத்தின் காட்சிகள்தாம். ஆனால் மூன்றும் ஒரே ஊரில் ஒரே வாரத்தில் வாய்ப்பது அரிது. அதை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வாழ்நாளில் ஒருமுறையாவது பனி கொட்டுவதை நேரில் பார்க்க வேண்டும். போய்விட்டு ஏமாந்து திரும்பக் கூடாது. எங்கே போகலாம்? – வாசகி, திண்டுக்கல்

ஜப்பானின் மேற்குப் பகுதிக்குப் போங்கள். தை, மாசி மாதங்களில் சைபீரியாவிலிருந்து புறப்படும் வறண்ட குளிர்காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது அதன் சற்றே வெதுவெதுப்பான நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரை சேர்ந்ததும் நாட்டின் முதுகெலும்பு போல நிற்கும் மலைத்தொடரில் மோதி மேலெழுந்து, சுமந்து வந்த ஈரத்தைப் பனியாகக் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலில் ஈரம் சேர்த்து வந்து நமக்கு மழை தருவதைப் போன்றதே இதுவும். மலைக்குக் கிழக்கே டோக்கியோவில் பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளிலும், மேற்கே உள்ள ஊர்கள் ஆளுயரப் பனியில் புதைந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பகுதியில் நீங்கள் தவறாமல் பார்க்க வேண்டிய ஊர், கிஃபு மாகாணத்தின் மலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஷிரகவாகோ. அங்குள்ள பழைய வீடுகளை ‘கஷ்ஷோ’ பாணி வீடுகள் என்பார்கள். வணங்குவதற்காகக் கைகூப்புவதையே அச்சொல் குறிக்கிறது. கூப்பிய இரு கைகளைப் போலச் செங்குத்தாகச் சரியும் தடித்த புற்கூரைகள். பனி தங்கிப் பாரமேறாமல் வழுக்கி விழ வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கூரைக்கடியில் இருக்கும் விசாலமான பரண்களில் முற்காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரு வீட்டின் கூரையை மாற்ற வேண்டி வரும்போது, ஊரார் திரண்டு வந்து வேய்ந்து கொடுக்கும் ‘யுய்’ என்ற கூட்டுழைப்பு வழக்கத்தால்தான் அந்தக் கூரைகள் இத்தனை தலைமுறைகள் தாண்டி நிற்கின்றன. அருகிலுள்ள கொகயாமாவின் ஊர்களோடு சேர்த்து, 1995 இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தகயாமா நகரத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால், பெரும்பாலானோர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். பழைய வீடுகள் சிலவற்றிலேயே தங்கும் வசதி உண்டு. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்து ஓர் இரவு தங்குங்கள். கடைசிப் பேருந்து போன பிறகு, பனி விழும் ஊருக்கு எவ்வளவு அமைதி வருகிறது என்பதைக் கேட்கவாவது அங்கே இருக்க வேண்டும். புதிதாக விழுந்த பனி ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் உண்டாகும் அமைதி அது. சனவரி, பிப்ரவரியில் குறிப்பிட்ட சில மாலைகளில் மட்டும் வீடுகளுக்கு விளக்கொளி பாய்ச்சுவார்கள். அந்த நாள்களில் முன்பதிவு இல்லாதவர்களுக்கு அனுமதி கிடையாது. மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊர் என்பதால், படமெடுக்கும் ஆர்வத்தில் பிறர் வாசலுக்குள் நுழையாமல் இருப்பது நம் கடமை.

இன்னும் இரண்டு நாள் கையில் இருந்தால், நாகானோ மாகாணத்தின் ஜிகோகுதானிக்குப் போய், வெந்நீர் ஊற்றில் கழுத்தளவு அமிழ்ந்து தலையில் பனி சூடியிருக்கும் குரங்குகளையும் பார்க்கலாம். காட்டுப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடக்க வேண்டும், வழுக்கும்.

கேள்வி: டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் குடும்பத்துடன் நார்வேயின் திரோம்சோ நகரத்துக்குச் சென்று துருவ ஒளியைப் பார்க்கத் திட்டமிடுகிறோம். நிச்சயம் பார்க்க முடியுமா? – வாசகர், மதுரை

நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கித் திருப்பிவிட, அவை வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களின் மீது மோதுவதால் அந்த ஒளி உண்டாகிறது. நாம் அதிகம் காணும் பச்சை நிறம், தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜனிலிருந்து வருவது; இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிர்கிறது. மேகங்கள் இவற்றுக்கு மிகக் கீழே இருக்கின்றன. ஆகவே வானத்தில் ஒளி எவ்வளவு அற்புதமாக ஆடினாலும், உங்கள் ஊருக்கு மேல் மேகம் மூடியிருந்தால் எதுவும் தெரியாது.

நீங்கள் குறிப்பிட்டிருக்கும் திரோம்சோ, 69 பாகை வடக்கே இருந்தும் கடல் நீரோட்டத்தின் வெதுவெதுப்பால் குளிர் கடுமையாக இல்லாத ஊர். சிறுவர்களோடு போவதற்கு அது வசதி. ஆனால் அதே கடல்தான் மேகத்தையும் கொண்டுவருகிறது. நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நண்பகலில் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்புமாக ஓர் அந்தி வெளிச்சம் பரவி மறையும். அந்த நீல வெளிச்சம் பேரழகு என்றே கருதுகிறேன். ஆயினும், வெயிலைப் பார்த்தே வளர்ந்த குழந்தைகளுக்கு ஒரு வாரம் முழுவதும் பகலே இல்லாமல் இருப்பது சோர்வு தரக்கூடும்; அவர்களிடம் முன்பே சொல்லித் தயார்ப்படுத்துங்கள்.

விடுமுறையை மாற்றிக்கொள்ள முடியுமானால் மார்ச் மாதத்தையே பரிந்துரைப்பேன். பகலில் நாய்வண்டிப் பயணத்துக்கும் பனி நடைக்கும் வெயில் கிடைக்கும். இரவில் ஒளியைப் பார்க்கப் போதுமான இருட்டும் இருக்கும். பகலும் இரவும் சமமாகும் நாள்களையொட்டி, துருவ ஒளியைத் தூண்டும் காந்தப்புலக் கொந்தளிப்பும் சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம். ஊரையும் மாற்றலாமெனில், சுவீடனின் அபிஸ்கோவைப் பாருங்கள். மேற்கே இருக்கும் மலைகள் ஈரத்தைத் தடுத்துவிடுவதால், அந்தச் சிற்றூர் மழைமறைவுப் பகுதியாகி, சுற்றுவட்டாரத்தைவிட அதிக நாள்கள் தெளிந்த வானத்தைப் பெறுகிறது. எங்கே போனாலும் நான்கு இரவுகளுக்குக் குறையாமல் தங்குங்கள். ஒளி மங்கலாக இருக்கும் இரவுகளில் நம் கண்ணுக்கு அது வெளிறிய மேகப் பட்டை போலத்தான் தெரியும். படங்களில் காணும் அடர்பச்சை, கேமரா பல விநாடிகள் ஒளியைச் சேர்த்துக் காட்டுவது. இதை அறிந்து சென்றால், வலுவான ஒளி எழும் இரவில் கண்ணாலேயே நிறத்தைக் காணும்போது உங்களுக்கு அதன் அருமை முழுமையாகப் புரியும்.

கேள்வி: பனிச் சிற்பங்களைக் காண ஹார்பின், சப்போரோ இரண்டில் எது சிறந்தது? – வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் வெவ்வேறு. சீனாவின் ஹார்பினில் சோங்குவா ஆற்றில் உறைந்த பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, கோட்டைகளும் கோபுரங்களுமாக அடுக்கி உள்ளே விளக்கேற்றுகிறார்கள். விழா வழக்கமாக சனவரி 5 இல் தொடங்கும்; இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கிவிடும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள சப்போரோவில் 1950 இல் பள்ளி மாணவர்கள் ஓடோரி பூங்காவில் செய்துவைத்த ஆறு பனிச்சிலைகளிலிருந்து வளர்ந்த விழா பிப்ரவரியில் நடக்கிறது. அங்கே முதன்மையானவை வெண்பனிச் சிற்பங்கள். பிரம்மாண்டம் வேண்டுமென்றால் ஹார்பின். என் விருப்பம் சப்போரோ, அதுவும் விழாவுக்காக மட்டுமன்று: அதே மாதத்தில் ஹொக்கைடோ தீவின் கிழக்கே அபாஷிரியில் ஓகோட்ஸ்க் கடலின் மிதவைப் பனி கரைக்கு வந்து சேர்ந்திருக்கும், பனியுடைக்கும் கப்பலில் அதனூடே போகலாம். குஷிரோ சமவெளியில் செந்தலைக் கொக்குகள் பனிமேல் இணைசேர்ந்து ஆடும். அற்றுப்போனதாகவே கருதப்பட்டு, 1920களில் மிகச் சிலவே எஞ்சியிருப்பது தெரியவந்து, உழவர்கள் குளிர்காலத்தில் மக்காச்சோளம் போட்டுக் காப்பாற்றியதால் இன்று ஆயிரத்துக்கும் மேல் பெருகியிருக்கும் பறவைகள் அவை.

கேள்வி: எழுபது வயது தாண்டிய பெற்றோரைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. குளிர்காலத்தில் போவது சரியா? – வாசகி, தஞ்சாவூர்

சரியே, பயணத்தை ரயிலைச் சுற்றி அமைத்துக்கொண்டால். பலரும் முதலில் நினைக்கும் யுங்ஃபிராவ்யோக் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால், இதயமோ நுரையீரலோ தொடர்பான தொல்லை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். அவர்களுக்கு ஏற்றது, ஆல்புலா, பெர்னினா ரயில்தடங்கள். ஹூர் நகரத்திலிருந்து சென் மோரிட்ஸ் வட்டாரம் வழியாக இத்தாலியின் திரானோ வரை செல்லும் இப்பாதை, பல்சக்கரத்தின் துணையில்லாமலேயே 2,253 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. 65 மீட்டர் உயரமான லாண்ட்வாசர் பாலத்தில் வளைந்து சென்று நேரே மலைச்சுவரின் குகைக்குள் ரயில் நுழையும் காட்சியும், உச்சியில் வெள்ளைவெளேரென்று உறைந்து கிடக்கும் ஏரியும், அடுத்த சில மணி நேரத்தில் திரானோவில் பனை மரங்களும் என்று, இருக்கையை விட்டு எழாமலே ஒரு நாளில் இரண்டு தட்பவெப்பங்களைப் பார்த்துவிடலாம். 2008 முதல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய கண்ணாடி வைத்த சுற்றுலா ரயிலுக்குக் கட்டாய முன்பதிவும் கூடுதல் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயில்களுக்கு அவை தேவையில்லை; சில பெட்டிகளில் சன்னலை இறக்கிவிட்டுப் படமும் எடுக்கலாம். அப்பாவின் முழங்காலைப் பொறுத்தவரை, பயப்பட வேண்டியது குளிருக்கன்று, வழுக்கும் நடைபாதைக்கு. காலணியின் மேல் மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகள் அங்குள்ள கடைகளில் கிடைக்கும். முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. நீண்ட விடுமுறை மே மாதத்தில்தான். என் பிள்ளைகளுக்குப் பனி காட்ட வழியே இல்லையா? – வாசகி, சேலம்

உண்டு. ஜப்பானின் தடேயாமா மலைப்பாதை குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்து, ஏப்ரல் நடுப்பகுதியில் திறக்கிறது. 2,450 மீட்டர் உயரத்தில் இருக்கும் முரோதோ அருகே, பனியைக் குடைந்து வெட்டிய சாலையின் இருபுறமும் சுவர்கள் நிற்கும். சில ஆண்டுகளில் அவை 20 மீட்டரை நெருங்கும். சூன் மாதம் வரை அவற்றின் நடுவே நடக்கவிடுகிறார்கள். தென்கோளத்தில் குளிர்காலம் சூனில் தொடங்குவதால் நியூசிலாந்து உங்கள் விடுமுறைக்கு ஒத்துவராது.

கேள்வி: வெளிநாட்டுப் பயணம் எங்கள் சக்திக்கு மீறியது. காஷ்மீர் அதற்கு ஈடாகுமா? – வாசகர், நாகர்கோவில்

ஈடு என்ற சொல்லே வேண்டாம். காஷ்மீரின் குளிர்காலம் தன்னளவிலேயே போய்ப் பார்க்கத் தக்கது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள்களை ‘சில்லை கலான்’ என்று அங்குள்ளவர்கள் தனிப்பெயரிட்டு அழைக்கிறார்கள். அதை அடுத்து இருபது நாள் ‘சில்லை குர்து’, பிறகு பத்து நாள் ‘சில்லை பச்சா’. பெருங்குளிர், சிறுகுளிர், குட்டிக்குளிர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். முன்பனி, பின்பனி என்று பருவத்தைப் பிரித்த நமக்கு இந்த வழக்கம் அந்நியமாகத் தோன்றாது. தால் ஏரியின் ஓரங்கள் உறைவதும், பெரன் என்ற நீண்ட அங்கிக்குள் கங்ரி என்ற கணப்புச்சட்டியை வைத்துக்கொண்டு மக்கள் நடமாடுவதும், விடியற்காலையில் ஹரீசா என்ற இறைச்சிக் கூழ் விற்கும் கடைகளில் கூட்டம் சேர்வதும் இந்த நாள்களில்தான்.

குல்மர்கில் கம்பிவட ஊர்தி இரண்டு கட்டங்களாக ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை ஏறுகிறது. சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். ஆனால் பனி உறுதி என்று நம்பி நாள் குறிக்காதீர்கள். அங்கே பனி தருவது மேற்கத்தியக் கலக்கங்கள் என்ற, மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள். அவை வராவிட்டால் 2024 சனவரியில் நேர்ந்ததைப் போலக் குல்மர்க் பழுப்புப் புல்வெளியாகவே இருந்துவிடும். சனவரி இறுதி, பிப்ரவரி முதல் பாதியே ஓரளவு பாதுகாப்பான தேர்வு. பனி விழுந்துவிட்டால் சாலையும் விமானமும் ஒரு நாள் நின்றுபோகலாம் என்பதால், திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

கேள்வி: கனமான ஒரு கோட்டு வாங்கினால் போதுமா? – வாசகர், சென்னை

போதாது. உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் உள்ளுடை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றையும் நீரையும் தடுக்கும் மேலங்கி என மூன்று அடுக்குகள் வேண்டும். நாம் பழகிய பருத்தி இங்கே உதவாது. வியர்வையைக் குடித்து ஈரமாகி உடலைக் குளிரச் செய்துவிடும். காலணியைக் கம்பளிக் காலுறை அணிந்த காலோடு போட்டுப் பார்த்து, விரல்கள் அசையும் அளவுக்கு இடம்விட்டு வாங்குங்கள். இறுக்கமான காலணிக்குள் இரத்த ஓட்டம் குறைந்து கால்தான் முதலில் விறைக்கும். குளிரில் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், கைப்பேசியை உட்பையில் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும் முன்பு கேமராவை நெகிழிப் பைக்குள் போட்டு இறுக மூடி, அறையின் வெப்பத்துக்கு அது வந்த பிறகே வெளியே எடுங்கள். இல்லையேல் வில்லையின் மேலும் உள்ளேயும் நீர் பூத்துவிடும்.